இடம் கொடுத்தால் போதுமா? வன்னியின் உயர்கல்வி நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே வன்னியில் இப்போது உயர்கல்விக் கட்டடங்களுக்குப் பெரிய குறையில்லை. பம்பைமடுவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது, 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகியது. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே ஜேர்மன் உதவியோடு வந்த தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. போர் முடிந்த 2009இல் கூரையோடு ஒரு வீட்டைத் தேட வேண்டியிருந்த மண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் உள்ளே போன பிறகு நடைமுறைகளைப் பாருங்கள். மாதச் சம்பளக்காரத் தகப்பன், பல்கலைக்கழகம் பார்த்த ஒரு அண்ணன், வாசலில் பஸ், இதெல்லாம் உள்ள பிள்ளையை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கின்றன. முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் வரும் பிள்ளைக்கு இதில் ஒன்றுகூட இருக்காது.

முதல் தவறு, மாவட்ட ஒதுக்கீட்டில் (கோட்டாவில்) வந்த பிள்ளையைக் கெட்டித்தனம் குறைந்த பிள்ளையாகப் பார்ப்பது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்குமே அந்தப் பதினாறில் உண்டு. பௌதிகவியல் ஆசிரியர் வருவதும் மாற்றலாகிப் போவதுமாக இருந்த பள்ளிக்கூடத்தில் படித்து, நல்ல ரியூஷனுக்கு வழியில்லாமல் உயர்தரப் பரீட்சையில் எடுத்த இசட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கிற தரப்படுத்திய புள்ளி) அது. முதல் செமஸ்டர் பெறுபேறு பெரும்பாலும் அந்தப் பள்ளிக்கூடத்தின் கதையைத்தான் சொல்லும். எனவே முதல் வாரத்திலேயே கணிதத்தில் ஒரு சின்னச் சோதனை வைத்து, யாருக்கு எந்த இடம் விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. நிரப்பும் வகுப்பை நேரசூசிக்குள்ளேயே போடுங்கள். சனிக்கிழமைக்குத் தள்ளினால், சனிக்கிழமை கூலி வேலைக்குப் போகிற பிள்ளைக்குத்தான் அது கிடைக்காமல் போகும்.

அடுத்தது காசும் கடதாசியும். கவலையில்லாத குடும்பங்களுக்கு இது கண்ணில் படாது. மகாபொல புலமைப்பரிசிலோ பர்சரி உதவிப்பணமோ முதல் தவணை கைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆனால் போர்டிங் முற்பணம், பஸ் காசு, வெள்ளை கோட், கணிப்பொறி எல்லாம் முதல் மாதமே வேண்டும். பிள்ளையின் அம்மா அதற்கு வட்டிக்குக் கடன் எடுப்பார், இல்லாவிட்டால் தோட்டை அடகு வைப்பார். முதல் தவணை வந்ததும் கழித்துக்கொள்ளும்படி, சேர்ந்த வாரத்திலேயே ஒரு சிறு முற்பணம் கொடுக்க நலன்புரி நிதியால் முடியும். பழைய மாணவர் சங்கங்கள் கட்டட வளைவுக்குச் சேர்க்கிற காசில் ஒரு பங்கு இதற்கு வந்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கடதாசி இன்னும் மோசம். வருமானத்தை நிரூபி என்றால், நாட்கூலிக்காரரிடம் சம்பளச் சீட்டு ஏது? ஜி.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) ஒரு தரம், பிரதேச செயலகத்துக்கு ஒரு தரம், கையெழுத்துக்காரர் கூட்டத்துக்குப் போயிருந்தால் மறுபடி ஒரு தரம். ஒவ்வொரு தரமும் ஒரு நாள் கூலி போகும். இதைவிடக் கூர்மையானது படிவத்தில் உள்ள 'தந்தையின் பெயர், தொழில்' கட்டம். தகப்பன் இறந்தாரா, காணாமல் ஆக்கப்பட்டாரா என்றே தெரியாத வீடுகள் வன்னியில் ஏராளம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மாருக்காக, ஆளைக் காணவில்லை என்று பதிந்து சான்றிதழ் பெறும் வழி 2016இல் சட்டமாக வந்தது. அந்தச் சான்றிதழைக் கண்டால் என்ன செய்வதென்று கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல், பின்னால் வரிசை நிற்க, "அப்பா எங்க?" என்று சத்தமாகக் கேட்கக்கூடாது. பாதுகாவலர் என்று ஒரே கட்டம் போட்டாலே பாதிச் சங்கடம் தீரும்.

வரவு விதியையும் யோசிக்க வேண்டும். 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்பது பொதுவான நடைமுறை. விதி சரி. ஆனால் எட்டு மணி லெக்சருக்கு உள்ளூர்ப் பாதையில் ஒரு பஸ், மாங்குளத்தில் இறங்கி ஏ9 நெடுஞ்சாலையில் இன்னொரு பஸ் என்று வருகிற பிள்ளை, முதல் பஸ் வராத நாளில் என்ன செய்யும்? வராத நாட்களைக் கூட்டி பரீட்சைக்கு முதல் கிழமை நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டுவது பிந்திய வேலை. தொடர்ந்து இரண்டு கிழமை காணவில்லையென்றால் யாராவது போன் எடுக்க வேண்டும். நவம்பர், டிசம்பர் மழையையும் கணக்கில் எடுங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மாரியின் நடுவில் பரீட்சை வைத்தால் மாற்றுத் திகதி ஒன்றையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

மொழி விஷயத்தில் நடப்பது வேறு மாதிரி. உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைக்கு ஆரம்பத்தில் சில வாரம் ஆங்கில வகுப்பு நடத்தி, அப்புறம் நேராக ஆங்கில விரிவுரைக்குள் தள்ளிவிடுகிறோம். பொது ஆங்கிலம் வேறு, வெப்ப இயக்கவியல் படிக்கிற ஆங்கிலம் வேறு. முதல் வருடம் முழுக்க, அந்தந்தப் பாடத்தோடு சேர்த்தே மொழியைக் கற்பிக்க வேண்டும். லெக்சர் நோட்ஸை முதல் நாளே கொடுத்தால், பிள்ளை அகராதியோடு ஒருமுறை வாசித்துவிட்டு வரும்.

உண்மையில் பெரும்பாலான பிள்ளைகளைக் கரை சேர்ப்பது சீனியர்மார் இரவில் நடத்துகிற 'குப்பி' வகுப்புதான். புரியாத பாடத்தைத் தமிழில் உடைத்துச் சொல்வார்கள். நிர்வாகம் இதைக் கண்டும் காணாததுபோல் இருப்பது பெரிய தவறு. ஏனென்றால் பல இடங்களில் குப்பி பகிடிவதையோடு (ராகிங்) கட்டுப்பட்டுக் கிடக்கிறது; பணியாத பிள்ளைக்குக் குப்பியும் இல்லை, பழைய வினாத்தாளும் இல்லை. 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் வதைக்குப் பணிந்தால்தான் படிப்பு என்ற பிடி இருக்கும்வரை முறைப்பாடு கொடுக்க யார் துணிவார்? நிறுவனமே அறையும், நேரமும், நடத்துகிற மாணவருக்கு ஒரு சிறு கொடுப்பனவும் தந்து குப்பியைத் தன் கையில் எடுத்தால் அந்தப் பிடி தளரும். பழைய வினாத்தாள்களை நூலகத்தில் வைக்கச் செலவுகூட இல்லை.

உளவள ஆலோசனை அறை நிர்வாகக் கட்டடத்துக்குள், பெயர்ப்பலகையோடு இருந்தால் ஒருவரும் போகமாட்டார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கடைசியாக, விட்டுப்போகிற பிள்ளைகளைப் பற்றி. வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்று ஒரு வருடம் வேலைக்குப் போகிற பிள்ளை, படிப்பை முறைப்படி ஒத்திவைக்கலாம் என்று தெரியாமல் சொல்லாமலே நின்றுவிடுகிறது. திரும்பி வரும்போது பதிவு காலாவதியாகியிருக்கும். ஒத்திவைக்க யாரிடம் போக வேண்டும், எந்தப் படிவம், எத்தனை காலம், திரும்பி வர என்ன வேண்டும் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, சேர்கிற அன்றே பெற்றோர் கையிலும் கொடுக்கலாம்.