கார்பன் இழை: பெரிய உலைக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

கார்பன் இழை என்றதும் எல்லாரும் 1,500 டிகிரி உலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் பெரும்பாலான இழைகள் கெட்டுப்போவது அதற்கு வெகு முன்னால், 200 முதல் 300 டிகிரிக்குள்.

கார்பன் இழைக்கு மூலப்பொருளான பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை இழையை முதலில் காற்றில் சூடாக்குகிறோம். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஏணி போன்ற வளையத் தொடராக மாறுகின்றன. அப்புறம் எவ்வளவு சூட்டிலும் இழை உருகாது. இந்த வினையே வெப்பத்தை வெளிவிடும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் இழைக்கற்றை தீப்பிடித்துவிடும். அப்படிப் பிடிக்காவிட்டாலும் ஆபத்து உண்டு. வெளித்தோல் முதலில் இறுகிவிட்டால் ஆக்சிஜன் உள்ளே போவது குறைந்துவிடும். அரைவேக்காடாக நின்ற நடுப்பகுதி, அடுத்த உலையில் ஓட்டையாகிவிடும். கருத்துவிட்டதே, போதும் என்று நினைக்காதீர்கள். கருமை சீக்கிரமே வந்துவிடும். அடர்த்தியை அளந்து பாருங்கள்: கன சென்டிமீட்டருக்கு 1.18 கிராமில் தொடங்கியது சுமார் 1.36 வரை ஏறியிருக்க வேண்டும்.

அடுத்தது, இழையைத் தளர விடுவது. சூடேறும்போது இழை சுருங்கப் பார்க்கும். விட்டுக்கொடுத்தால் நேராக நின்ற சங்கிலிகள் கலைந்து விறைப்பு போய்விடும். 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் வாட், பிலிப்ஸ், ஜான்சன் மூவரும் ஆக்சிஜனேற்றத்தின்போதே இழையைச் சுருங்க விடாமல் பிடித்துவைத்தார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த யோசனை இதுதான். அதே காலத்தில் அமெரிக்காவில் ரேயான் இழையை 2,500 டிகிரிக்கு மேல் வைத்து இழுத்துத்தான் விறைப்பாக்கினார்கள். அது செலவு பிடிக்கிற வேலை.

தூசியையும் அலட்சியம் செய்யாதீர்கள். இழையின் விட்டமே 5 முதல் 7 மைக்ரான். மூல இழையை நூற்கும் கரைசலில் ஒரு துகள் தங்கினால் இழை அறுவது அந்த இடத்தில்தான். 1970களில் மோர்டனும் வாட்டும் தூசியில்லாத அறையில் இழையை நூற்றபோது வலிமை கூடியது.

சூடு கூடக் கூட எல்லாமே மேம்படும் என்பதும் தவறு. வலிமை 1,500 டிகிரியை ஒட்டி உச்சம் தொடும். விறைப்பு மட்டும் 3,000 வரை ஏறிக்கொண்டே போகும். டோரே நிறுவனத்தின் டி1100 இழைக்கு வலிமை 7 கிகாபாஸ்கல், விறைப்பு 324. எம்60ஜே இழைக்கு விறைப்பு 588, ஆனால் வலிமை 3.8 தான். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: சூடாக்கும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளியாகும். சிறிய ஆய்வக உலையாக இருந்தாலும் புகைபோக்கி இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.