பிரான்ஸ் கிராமங்களுக்கு முதல் பயணமா? தோர்தோனிலிருந்து தொடங்குங்கள்

பிரான்ஸ் என்றால் பாரிஸில் நாலு நாள், ஈஃபிள் கோபுரம், லூவ்ர், சேன் நதியில் ஒரு படகுச் சவாரி என்று முடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். கிராமப்புறம் போக ஆசை இருந்தாலும் "மொழி தெரியாதே, பஸ் கிடைக்குமா" என்று தயங்குவார்கள். பஸ் விஷயத்தில் அந்தத் தயக்கம் நியாயமானது. மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியவைதான்.

தென்மேற்கில் இருக்கும் தோர்தோன் மாவட்டத்தை வைத்தே இதை விளக்குகிறேன். ஆதிமனிதர்கள் வரைந்த குகை ஓவியங்கள், இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போர்க்காலக் கோட்டைகள், அளந்து கட்டிய சந்தை ஊர்கள் எல்லாம் அங்கே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார் தூரத்துக்குள் இருக்கின்றன. முதல் முறை போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

படி 1: ஒரே ஊரில் தங்குங்கள்

தினம் ஒரு ஊரில் அறை எடுத்தால் பாதி விடுமுறை பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். சார்லா என்ற சிறு நகரத்தில் நாலைந்து இரவு தங்கி, அங்கிருந்து போய்ப் போய் வாருங்கள். பழைய நகர மையங்களைக் காப்பதற்காக 1962-ல் ஒரு சட்டம் வந்தது. கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ கொண்டுவந்ததால் இன்றும் அவர் பெயரில்தான் அதைச் சொல்கிறார்கள். அந்தச் சட்டத்தால் முதலில் பிழைத்தெழுந்த ஊர்களில் சார்லாவும் ஒன்று. தேன் நிறக் கல் வீடுகளுக்கு மேலே செங்குத்தான கூரைகள். பல கூரைகளில் ஓடு கிடையாது, தட்டைக் கற்களையே அடுக்கியிருப்பார்கள். அவ்வளவு கனத்தையும் சுவரில் இறக்கத்தான் கூரைக்கு அந்தச் சரிவு.

தங்குவதற்கு ஹோட்டலைவிட 'ஷாம்ப்ர தோத்' நல்லது. வீட்டுக்காரர்களே அறை வாடகைக்கு விட்டுக் காலை உணவும் தருவார்கள். குடும்பமாகப் போனால் 'ஜீத்' என்கிற முழு வீடு கிடைக்கும், சமையலறையும் இருக்கும். ஆனால் கோடையில் பல வீடுகளைச் சனிக்கிழமை முதல் அடுத்த சனிக்கிழமை வரை என்று வாரக்கணக்கில்தான் விடுகிறார்கள். விமான டிக்கெட் எடுக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் நாடே விடுமுறையில் இருப்பதால் நிறுத்த இடம் தேடியே காரில் சுற்றுவீர்கள். நவம்பர் முதல் ஈஸ்டர் வரை பல உணவகங்கள் பூட்டியிருக்கும். செப்டம்பரின் மூன்றாவது வார இறுதியில் பாரம்பரிய நாள்கள் வரும். வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல கட்டடங்களை அப்போது திறந்துவிடுவார்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம்.

படி 3: ரயிலில் போர்தோ, அங்கிருந்து கார்

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து சார்லாவுக்கு உள்ளூர் ரயில் உண்டு. ஆனால் சார்லாவில் இறங்கிய பிறகு கோட்டைக்கும் குகைக்கும் எதில் போவீர்கள்? அதனால் போர்தோவிலேயே வாடகைக் கார் எடுத்துவிடுவது உத்தமம். ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கிளம்பும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். கவனம் வேண்டியது வேறு இடத்தில். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்புறச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும், அது டிராக்டராக இருந்தாலும். மஞ்சள் சாய்சதுரப் பலகை தெரிந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதன் குறுக்கே கறுப்புக் கோடு இருந்தால் அந்த உரிமை அங்கே முடிந்தது. ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டினாலே வேகம் 50-க்குள் வந்துவிட வேண்டும், தனியாக எண் எழுதியிருக்க மாட்டார்கள். பெட்ரோல் பங்கில் 'கஸோல்' என்று எழுதியிருப்பது டீசல். பெயரை நம்பாமல் குறியைப் பாருங்கள்: வட்டத்துக்குள் E என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் B என்றால் டீசல்.

படி 4: ஊரின் கடிகாரத்துக்கு உங்கள் திட்டத்தை வளையுங்கள்

இந்தப் பயணத்தின் வெற்றி தோல்வியெல்லாம் இந்த ஒரு படியில்தான் இருக்கிறது. கிராமத்து உணவகத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. இரண்டேகாலுக்குப் போய் நின்றால், நாற்காலி காலியாகவே இருந்தாலும், அடுப்பை அணைத்துவிட்டோம் என்பார்கள். கோபித்துப் பயனில்லை. அதே நேரத்தில் கடைகளும் பூட்டியிருக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஊரே உறங்கும். திங்கட்கிழமையும் பல இடங்களில் கதவு திறக்காது. எனவே காலையில் சந்தையோ குகையோ, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, அதன் பிறகு கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைகள் பெரும்பாலும் மதியத்தில் மூடுவதில்லை.

சார்லாவில் பெரிய சந்தை சனிக்கிழமை. புதன் காலையிலும் ஒன்று கூடும். பழைய தேவாலயம் ஒன்றையே உள்கூடச் சந்தையாக்கியிருக்கிறார்கள். கட்டடக் கலைஞர் ழான் நூவெல் அதற்கு வைத்த ராட்சத உலோகக் கதவுகளைப் பார்க்கத் தவறாதீர்கள்.

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் "போன்ஜூர்". அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும். சொன்ன பிறகு ஆங்கிலமோ கைசாடையோ, எதிலும் உதவுவார்கள்.

படி 5: குகைக்கு முன்பதிவு

மோந்தின்யாக் அருகே லாஸ்கோ குகையை 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் கண்டுபிடித்தார்கள். உள்ளே சுவர் முழுக்கக் காளை, குதிரை, மான். ஏறத்தாழ 17,000 ஆண்டுப் பழமை. 1948-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் சேர்ந்து சுவரில் பாசி படர, 1963-ல் மூடினார்கள். மூடியவர் சார்லாவைக் காத்த அதே மால்ரோதான்.

இப்போது நீங்கள் பார்ப்பது 2016 டிசம்பரில் திறந்த 'லாஸ்கோ 4' என்கிற முழு அளவு நகல். "நகலுக்குப் போய் டிக்கெட்டா" என்று கேட்பவர்கள் உண்டு. பாறையின் மேடுபள்ளம்கூடத் தப்பாமல் செய்திருப்பதால், பாறைப் புடைப்பையே விலங்கின் உடலாக்கிய அந்த ஓவியர்களின் சாமர்த்தியம் நகலிலும் புரிகிறது. அசல்தான் வேண்டும் என்றால் லே எஸி கிராமத்தில் ஃபோன் த கோம் குகை இருக்கிறது. பல வண்ண ஓவியங்கள் உள்ள அந்த அசல் குகைக்குள் இன்னும் ஆள் விடுகிறார்கள். ஆனால் ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேரைத்தான். விசா கையில் வந்ததும் முதல் வேலை இந்த முன்பதிவாக இருக்கட்டும். இரண்டுக்கும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

படி 6: எதிரெதிர்க் கோட்டைகள்

தோர்தோன் ஆற்றின் வடகரைப் பாறை மேல் பேனாக் கோட்டை. தென்கரையில் காஸ்டெல்னோ. நூறாண்டுப் போரில் பேனாக் பிரெஞ்சுப் பக்கம் நின்றது, காஸ்டெல்னோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். ஒன்றின் மதிலில் நின்றால் மற்றது கண்ணெதிரே தெரியும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்காதீர்கள், படிகள் முழங்காலை வாங்கிவிடும். குழந்தைகள் கூட வந்தால் காஸ்டெல்னோவைத் தேர்ந்தெடுங்கள். அது இப்போது போர்க்கருவி அருங்காட்சியகம். மதில் மேடையில் கல்லெறி இயந்திரங்களை முழு அளவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

படி 7: ஒரு கிராமத்தை நிதானமாகப் படியுங்கள்

மோன்பசியேக்கு அரை நாள் கொடுங்கள். 1284-ல் இதை நிறுவியவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட். இந்தப் பகுதி அப்போது அவர் ஆளுகையில் இருந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்புதான் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஃபிலிப் ஆற்றுக்கு மேலே குன்றில் தோம் என்ற ஊரை எழுப்பியிருந்தார். கோட்டையோடு சேர்த்து ஊர்களையும் கட்டி எல்லை பிடித்த காலம் அது. இப்படித் திட்டமிட்டுக் கட்டிய ஊர்களுக்கு 'பஸ்தீத்' என்று பெயர்.

தாயக்கட்டம் போல நேர்நேராகத் தெருக்கள். நடுவே சதுக்கம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம். சதுக்கத்தின் ஓரத்தில் மரத்தூண் சந்தைக் கொட்டகை. உள்ளே போய்ப் பாருங்கள், அந்தக் காலத்துத் தானிய அளவைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. பிறகு வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உற்றுப் பாருங்கள். ஒரு ஆள்கூட நுழைய முடியாத இடுக்கு இருக்கும். தீ பரவாமல் தடுக்கவும் கழிவுநீர் ஓடவும் விட்ட இடைவெளி. இதைக் கவனிக்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

படி 8: சைவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கள்

இது வாத்து நாடு. சார்லா உருளைக்கிழங்கு என்று வரும், பூண்டு மணக்க, பொன்னிறமாக, நம் வீட்டு வறுவலே வந்துவிட்டது என்று தோன்றும். வதக்கியது வாத்துக் கொழுப்பில். 'பெரிகோர் சாலட்' என்றால் பச்சை இலைக்கு மேல் வாத்தின் ஈரல், இரைப்பை வகையறா ஏதாவது கிடக்கும். அதனால் சமைக்கும் முன்பே கேளுங்கள். காட்டுக் காளான் ஆம்லெட்டும், சூடான ஆட்டுப் பாலாடைக்கட்டி வைத்த சாலடும் முட்டை, பால் சாப்பிடுகிறவர்களுக்குக் கைகொடுக்கும். குடிக்கத் தண்ணீர் கேட்கும்போது "கராஃப் தோ" என்று சொன்னால் குழாய்த் தண்ணீர் இலவசம்.

திரும்பும்போது சந்தையில் வால்நட் எண்ணெய் ஒரு புட்டி வாங்குங்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். வீட்டுக்கு வந்து அதில் தாளிக்க மட்டும் வேண்டாம், சூடு பட்டால் கசந்துபோகும். சாலட் மேல் பச்சையாக ஊற்றிச் சாப்பிடுவதற்கான எண்ணெய் அது.