கபடி அணியில் புகையிலையை நிறுத்த வைப்பது எப்படி?

சிகரெட் பிடிக்கும் வீரரை வாடை காட்டிக்கொடுத்துவிடும். கீழுதட்டுக்குள் ஹான்ஸோ கூல் லிப்போ போன்ற புகையிலைப் பொட்டலத்தை அடக்கியிருந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. எனவே பயிற்சியாளரின் முதல் வேலை, யார் எதைப் போடுகிறார் என்று தெரிந்துகொள்வது. எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கேட்டால் உண்மை வராது. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, "இதுக்காக உன்னை டீமை விட்டு எடுக்க மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். என்ன பொருள், ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் ஒன்று, எந்தெந்த நேரத்தில் அது இல்லாமல் முடியவில்லை: இந்த நான்கு கேள்வி போதும். எழுந்த 30 நிமிடத்துக்குள் தேவைப்படுகிறது என்றால் நிகோடின் பிடிப்பு பலமாக இருக்கிறது. அவருக்கு மன உறுதி மட்டும் போதாது, மருந்தும் வேண்டும்.

அன்றே வாயையும் பார்த்துவிடுங்கள். பொட்டலம் வைக்கும் இடத்தில் உதட்டின் உட்புறம் வெளுத்துச் சுருங்கியிருக்கிறதா, அங்கே ஈறு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அவருடைய மூன்று விரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலும், தாமதிக்காமல் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

20 வயதுப் பையனிடம் புற்றுநோயைப் பற்றிப் பேசினால் காதில் ஏறாது. ரெய்டைப் பற்றிப் பேசுங்கள். 30 விநாடி மூச்சு விடாமல் பாடி, தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பீடி, சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். நிறுத்திய ஓரிரு நாளில் அது ரத்தத்தை விட்டுப் போய்விடும். வாயில் அடக்குபவருக்கு இந்தப் புகைப் பிரச்சினை இல்லை. ஆனால் நிகோடின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். "போட்டாத்தான் சார் சுறுசுறுப்பு வருது" என்பார்கள். காலையில் வரும் அந்தச் சுறுசுறுப்பில் பெரும்பகுதி, இரவெல்லாம் நிகோடின் இல்லாமல் உடம்பு பட்ட தவிப்பு அடங்குவதுதான். இதை அவர்களுக்குப் பொறுமையாக விளக்குவது நல்லது.

பலர் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணம் எடை. 85 கிலோவுக்குள், ஜூனியர் என்றால் 70 கிலோவுக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகப் பசியை அடக்கப் புகையிலை போடுகிறார்கள். நிறுத்தினால் பசி கூடும், எடையும் ஏறும். இதை மறைக்காதீர்கள். எடை பார்க்கும் நாளுக்குப் பல வாரம் முன்பே தொடங்கி, எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதில் சுண்டல், முட்டை, மோர் என்று மாற்றிக் கொடுங்கள்.

நிறுத்தும் நாளைக் குறிக்கும்போது அடுத்த போட்டி குறைந்தது நான்கு வாரம் தள்ளியிருக்கட்டும். தவிப்பு முதல் நாளே தொடங்கி, இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் வரும். அந்த மூன்று நாளும் முட்டி மோதும் ஆட்டம் வேண்டாம். சக வீரரோடு சண்டை மூளுவதும், கவனம் தவறி அடிபடுவதும் அப்போதுதான். மெதுவான ஓட்டம், கால் அசைவுப் பயிற்சி, நீட்சிப் பயிற்சி போதும். சிகரெட்டை விட்டவர் டீ, காபியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். புகை நின்றதும் கஃபைன் உடம்பில் அதிக நேரம் தங்கி, படபடப்பையும் தூக்கக் கேட்டையும் கூட்டும்.

தவிப்பை அடக்க மருந்தாகக் கொடுக்கும் நிகோடின் சூயிங்கம்மைப் பயன்படுத்தும் விதத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். பிடிப்பு பலமாக உள்ளவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி.; எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மெதுவாக மென்றால் மிளகுக் காரம் போல் சுரீரென்று வரும். உடனே மெல்வதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி சில தடவை மென்று, வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். ஒன்று சுமார் 30 நிமிடம் வரும். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு படிப்படியாகக் குறைத்து 12 வாரத்தில் முடிக்கலாம். சாதா சூயிங்கம் போல் விடாமல் மென்றால் நிகோடின் வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், தவிப்பும் அடங்காது. இந்த சூயிங்கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, ஜூஸ், சோடா எதுவும் கூடாது, வாயில் சரியாக உறிஞ்சாது. களத்தில் இறங்கும்போது துப்பிவிட வேண்டும், தொண்டையில் சிக்கும். 18 வயதுக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

ஊக்கமருந்து பயம் வேண்டாம். நிகோடின், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இல்லை. 2012 முதல் கண்காணிப்பில் மட்டும் இருக்கிறது. பயப்பட வேண்டியது, "மூணே நாளில் மறக்கடிக்கும்" என்று விற்கும் பெயர் தெரியாத பொடிக்கும் லேகியத்துக்கும்தான். அதில் என்ன கலந்திருந்தாலும் பரிசோதனையில் பொறுப்பு வீரருடையது.

வாய்க்குச் சோம்பு, கிராம்பு, சீரகம் கொடுங்கள். பாக்கு மட்டும் வேண்டாம். புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் தரும், வாயை இறுக்கும். ஹான்ஸை விட்டுவிட்டுப் பாக்குக்கு மாறியவரை நிறுத்தியவராகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஊர்த் திருவிழாப் போட்டிகள் விடிய விடிய நடக்கும். ஒரு மேட்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே காத்திருக்கும் நேரம்தான் ஆபத்தானது. தெரிந்தவர் யாராவது பாக்கெட்டை நீட்டுவார். அணியைக் கடைப்பக்கம் விடாமல் ஒரே இடத்தில் உட்கார வைத்து, தண்ணீர், வாழைப்பழம், கடலை கையோடு வைத்திருங்கள். ஆசை எழுந்தால் சில நிமிடத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடத்த ஒரு துணை வீரரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.

பயிற்சியாளர் பையிலும் பாக்கெட் இருக்கக் கூடாது. சிறுவர் கையில் புகையிலை கொடுப்பது, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். நீங்களே பழக்கத்தில் இருந்தால் வீரர்களோடு அதே தேதியில் நிறுத்துங்கள். 1800 112 356 என்ற கட்டணமில்லா எண்ணில் இருவருமே ஆலோசனை கேட்கலாம், தமிழிலும் பேசலாம்.

இடையில் ஒருநாள் போட்டுவிட்டால் தண்டனையாக ஓட விடாதீர்கள். அடுத்த முறை மறைத்துவிடுவார். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் வேறு வேலை கொடுங்கள். அன்று மாலையே வழக்கமான பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.