நத்தார் பரிசு வாங்கும்போது செய்தவர் பெயரைக் கேளுங்கள்

கனடா வந்த முதல் டிசம்பரில், மகளின் வகுப்பு ஆசிரியைக்குக் கொடுக்கலாம் என்று நயாகராப் பக்கம் ஒரு நினைவுப்பொருள் கடையில் கனவுவலை (dreamcatcher) ஒன்று வாங்கினேன், வளையத்துக்குள் நூல் வலை பின்னியது. நீல இறகும் வெள்ளை மணியுமாகப் பார்க்க வடிவாக இருந்தது. "பூர்வகுடிக் கலை" என்று அட்டையும் தொங்கியது. வீட்டில் தாள் சுற்றும்போதுதான் வளையத்தின் பின்னால் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கர் கண்ணில் பட்டது: சீனாவில் தயாரித்தது. கனடாவின் பூர்வகுடிகளில் ஒரு கூட்டத்தாரான ஒஜிப்வே மக்கள் குழந்தையின் தொட்டிலுக்கு மேலே கட்டிவந்த பொருள் அது. நான் கொடுத்த காசில் அவர்கள் யாருக்கும் ஒரு சதமும் போயிருக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் விசாரித்து விசாரித்துக் கற்றுக்கொண்டதை, முதல் தடவை வாங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: யாருடைய கலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கனடாவின் பூர்வகுடிகள் மூன்று பிரிவினர்: முதற்குடிகள் (First Nations), வடதுருவப் பக்கத்து இனுயிட், பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்து உருவான மெட்டி. முதற்குடிகளுக்குள் மட்டும் 600க்கும் மேற்பட்ட சமூகங்கள் இருக்கின்றன. குலச்சின்னங்களைச் செதுக்கிய உயரமான மரக்கம்பங்கள் பசிபிக் கரைக்காரருடையவை, கல்லில் செதுக்கிய கரடியும் ஆந்தையும் வடக்கே இனுயிட் ஊர்களிலிருந்து வருபவை, மரப்பட்டையில் முள்ளம்பன்றி முள் பதித்த பெட்டிகளுக்கு ஒன்ராறியோவின் மனிற்றூலின் தீவு பேர்போனது. இவை எல்லாவற்றையும் ஒரே தட்டில், ஒரு பெயரும் ஊரும் இல்லாமல் அடுக்கி வைத்திருந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

படி 2: பெயர் கேளுங்கள்

இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். செய்தவர் யார், எந்தச் சமூகம், விற்ற காசில் அவருக்குப் பங்கு போகிறதா என்று மூன்று கேள்வி. நல்ல கடைக்காரர் சலிக்காமல் பதில் சொல்வார், சிலர் அந்தக் கலைஞரின் அம்மா, அம்மம்மா வரைக்கும் கதைப்பார்கள். "பூர்வகுடிப் பாணியில்" என்று மட்டும் எழுதியிருந்தால், செய்தவர் பூர்வகுடி என்று அதற்கு அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, பூர்வகுடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்றால் முதல் குற்றத்துக்கே 2,50,000 டொலர் வரை அபராதமும் ஐந்து வருடம் வரை சிறையும் கிடைக்கலாம். கனடாவில் அப்படித் தனிச்சட்டம் இல்லை, அதனால் கேட்கவேண்டிய பொறுப்பு நம்முடையது. நோர்வல் மொரிசோ என்ற பெரிய ஒஜிப்வே ஓவியரின் பெயரில் போலி ஓவியங்கள் செய்து விற்ற வழக்கில் 2023இல் எட்டுப் பேர்மீது குற்றம் சுமத்தப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களைப் பொலிஸ் கைப்பற்றியது. அவ்வளவு புகழ்பெற்றவருக்கே இந்த நிலை என்றால், வீட்டு மேசையில் மணி கோர்க்கிற ஒருவரின் வேலையைத் திருடுவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 3: கையில் எடுத்துப் பாருங்கள்

இனுயிட் சிற்பம் என்றால் கல் கனமாகவும் தொட்டால் குளிர்ச்சியாகவும் இருக்கும். லேசாக, ஓரத்தில் அச்சுக்கோடு தெரிய, ஒரே மாதிரி பத்து நின்றால் அது வார்த்து எடுத்தது. அடியைத் திருப்பிப் பாருங்கள், கலைஞர் பெயரை இனுயிட் எழுத்தில் பொறித்திருக்கலாம். ஒரே வடிவத்தைத் திருப்பித் திருப்பி வைத்து உயிரொலியை மாற்றுகிற எழுத்து அது, நம் உயிர்மெய்யைப் படித்தவர்களுக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போகும். அப்புறம், இக்லூ (பனிவீடு) படம் போட்ட சின்ன அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இனுயிட் கலைஞர் செய்தது என்பதற்கு 1958இல் கனடா அரசு தொடங்கிய அடையாளம் அது, 2017இலிருந்து இனுயிட் கலை அறக்கட்டளை அதைப் பார்த்துக்கொள்கிறது.

முள்ளம்பன்றி முள் பெட்டியை ஒரு தடவையாவது கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். பேர்ச் மரப்பட்டையில் ஊசியால் துளையிட்டு, ஊறவைத்து மென்மையாக்கிய முள்ளின் இரண்டு நுனியையும் உள்ளே செருகி மடக்குகிறார்கள், இப்படி நூற்றுக்கணக்கில். மூடியைத் திறந்தால் நுனி எதுவும் தெரியாது, உள்ளே இன்னொரு பட்டையால் மூடியிருப்பார்கள். விளிம்பில் வாசனைப் புல்லை வைத்துத் தைத்திருந்தால், காய்ந்த வைக்கோலும் வனிலாவும் கலந்த மாதிரி மணம் வரும். என்னிடம் இருக்கிற பெட்டி மழை நாட்களில் இன்னும் மணக்கிறது.

படி 4: எங்கே போவது

ரொறன்ரோவில் இருப்பவர்கள் 16 ஸ்படைனா வீதியில் உள்ள பூர்வகுடி மையத்துக்குப் போகலாம், அங்கேயே கைவினைக் கடை இருக்கிறது, சுரங்க ரயிலில் இறங்கிக் கொஞ்ச தூரம்தான் நடை. பூர்வகுடியினர் கூடி ஆடிப்பாடும், கோடையில் நடக்கும் பவ்-வவ் விழாக்களில் கலைஞர்களையே சந்திக்கலாம், பிடித்தவரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை அப்போதே குறித்து வையுங்கள். கலைப்பொருள் வேண்டாம் என்பவர்களுக்கு அழகுப் பொருட்கள் செய்கிற சீக்போன், வின்னிபெக்கின் மனிடோபா காலணிகள் என்று பூர்வகுடியினர் தொடங்கிய நிறுவனங்கள் இருக்கின்றன.

படி 5: நேரமும் விலையும்

நவம்பர் கடைசியில் தேடத் தொடங்கினால் தாமதம். மணித்தோடு செய்கிறவர் பெரும்பாலும் தனி ஆள். வடக்கே இனுயிட் மக்கள் வாழும் நுனாவுட் பிரதேசத்து ஊர்களுக்குத் தெற்கிலிருந்து வீதியே கிடையாது, பார்சல் விமானத்தில்தான் வரவேண்டும். 2024 டிசம்பரில் தபால் வேலைநிறுத்தம் நடந்தபோது நான் ஒக்டோபரில் சொல்லிவைத்தவை மட்டும்தான் கைக்கு வந்தன. விலையைக் குறைக்கக் கேட்காதீர்கள். ஒரு சோடித் தோட்டுக்கு மணிக்கணக்கில் கண்ணை வருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நாம் கொடுப்பது அந்த நேரத்துக்கு. கட்டுப்படியாகாவிட்டால் வாழ்த்து அட்டையோ சின்ன அச்சுப்படமோ வாங்குங்கள்.

படி 6: சில எச்சரிக்கைகள்

விற்பதற்கென்று செய்த மணித்தோட்டை நாமும் தாராளமாகப் போடலாம், அதில் கூச்சம் வேண்டாம். ஆனால் கழுகு இறகுத் தலையணி மரியாதையாகக் கொடுக்கப்படுவது, அது பரிசுப் பொருள் இல்லை. இன்னொன்று, சீல் என்ற கடல் விலங்கின் தோலில் செய்த கையுறையை அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பிவிடாதீர்கள், கடல் பாலூட்டிகளைப் பாதுகாக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே எல்லையில் பறித்துவிடுவார்கள்.

கடைசியாக, தாள் சுற்றுவதற்கு முன் ஒரு சின்ன அட்டையில் செய்தவர் பெயரையும் ஊரையும் எழுதி உள்ளே வையுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அதை எழுதுவது மகளின் வேலை. ஊர்ப்பெயரைச் சரியாக எழுத வேண்டுமென்று வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவாள்.