தகட்டு லைனில் நொன்-வோவன் ரோல்: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான செய்முறை

கொழும்புத் துறைமுகத்தால் வந்திறங்கும் தகட்டுக் கொயில் (சுருட்டிய தகடு), லைனில் ஏறிக் கழுவப்பட்டால், மறுபடி சுருட்டுவதற்கு முன் ஒரு சோடி ரோல்களுக்கு நடுவால் நுழைந்து வரும். தண்ணீரையும் எண்ணெயையும் பிழிந்தெடுப்பது அந்த ரோல்கள்தான். அவை ஒழுங்காகப் பிழியாவிட்டால் ஈரம் சுருளுக்குள் சிக்கிக்கொள்ளும். நாகப் (துத்தநாகப்) பூச்சுத் தகட்டில் காற்றுப் புகாமல் ஈரம் நின்றால் வெள்ளைத் துருதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது தானாகக் காயும் என்று நம்பியிருக்க முடியாது.

இந்த ரோல் எப்படி ஆனது என்று தெரிந்தால் பராமரிப்பு பாதி புரிந்துவிடும். நெய்யாமல், நார்களைப் பிணைத்துச் செய்த துணியை (நொன்-வோவன் என்பது இதுதான்) நடுவில் துளையுள்ள வட்டங்களாக வெட்டி, இரும்புத் தண்டில் நெருக்கிக் கோத்து, ஹைட்ரோலிக் பிரஸ்ஸில் இறுக்கி, இரண்டு முனையையும் பூட்டுவார்கள். பிறகு கல் பிடித்து, அதாவது அரைக்கும் கல்லால் தேய்த்து, உருளையாக்குவார்கள். தொட்டால் கட்டை போல இருக்கும். ஆனால் நார்களுக்கிடையே நுண்துளைகள் உண்டு. ஈரத்தை இழுப்பது அவைதான். தகட்டின் ஓரம் கீறினாலும் பக்கத்து நார்கள் விரிந்து காயத்தை மூடிவிடும். ரப்பர் ரோலில் விழுந்த வெட்டு அப்படி மூடாது.

படி 1: நாரை அறியுங்கள்
லைனில் ஓடும் திரவம் எது என்று முதலில் கேளுங்கள். அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் நைலோன் ரோல் நிலைக்காது. அங்கே பொலிப்ரொப்பிலீன் வேண்டும். ஆனால் பொலிப்ரொப்பிலீன் 160 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். சூடான காரக் கழுவலில் பொலியெஸ்டரைப் போடாதீர்கள்.

படி 2: மின்சாரத்தைப் பூட்டுங்கள்
மெயின் சுவிட்சை நிறுத்திப் பூட்டு போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் ரோலைத் தொடலாம். ஓடும் ரோலைத் துணியால் துடைக்கவே கூடாது. உள்ளிழுக்கும் வாய் கையை விடாது.

படி 3: ஊறவிடுங்கள்
தண்ணீர் பிழியும் புது ரோலைக் காய்ந்தபடி ஓட விடாதீர்கள். நன்றாக நனைத்து, குறைந்த அழுத்தத்தில் கொஞ்ச நேரம் ஓட்டி, பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள்.

படி 4: அழுத்தத் தடம் எடுங்கள்
என் கணிப்பில் இதுதான் முக்கியமான படி. பல இடங்களில் தவறவிடுவதும் இதைத்தான். ரோல்களைத் திறந்து, ஈரமில்லாத நிலையில், வெள்ளைத் தாளும் கார்பன் தாளும் சேர்ந்த பட்டையை ரோலின் முழு நீளத்துக்கும் வையுங்கள். வேலை அழுத்தத்தில் மூடவேண்டும். இதற்கு லைனில் மின்சாரம் தேவைப்பட்டால், எல்லோரும் விலகி நிற்கிறார்களா என்று பார்த்த பிறகே மூடுங்கள். திறந்து, மறுபடி பூட்டிவிட்டுத் தாளை எடுங்கள்.

வெள்ளைத் தாளில் பதிந்த கறுப்புப் பட்டை ஒரே அகலமாக இருந்தால் நல்லது. ஒரு முனையில் மட்டும் அகன்றிருந்தால் அந்தப் பக்கம் ரோலை அழுத்தும் சிலிண்டர் கூடுதலாக அமுக்குகிறது. நடுவில் மெலிந்திருந்தால் தண்டு வளைகிறது, அல்லது நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. நெடுநாள் ஒடுங்கிய தகடே ஓடிய லைனில் இந்தத் தேய்வு வரும். பிறகு அகலத் தகட்டைப் போட்டால் நடுவில் ஈரக் கோடு தெரியும்.

அப்போது பலரும் செய்வது அழுத்தத்தைக் கூட்டுவது. அதைச் செய்யாதீர்கள். துளைகள் நசுங்கி அடைபட்டால் ரோல் உறிஞ்சுவதை நிறுத்திவிடும், சூடும் ஏறும்.

படி 5: கழுவுங்கள்
எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்து மேற்பரப்பு பளபளத்தால் துளைகள் அடைபடத் தொடங்கிவிட்டன. நாருக்கு ஒத்துப்போகும் சோப்பு நீரால் கழுவுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம், நாரை அறுக்கும்.

படி 6: திறந்து வையுங்கள்
லைன் நின்றதும் ரோல்களைப் பிரித்துவிடுங்கள். அழுத்தியபடி இரவு முழுதும் விட்டால் ஒரு பக்கம் தட்டையாகி, அடுத்த நாள் ஒவ்வொரு சுற்றிலும் அதிரும். கழற்றி வைத்தாலும் தண்டின் முனைகளைத் தாங்கியில் ஏற்றுங்கள்; துணியின் மேல் பாரம் இறங்கக் கூடாது.

படி 7: கல் பிடிக்கக் கொடுங்கள்
கழுவியும் தடம் சீராகாவிட்டால் மேற்பரப்பை அரைத்து எடுக்கலாம். லேத் பாஸிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: வெட்டும் உளி வேண்டாம், அது நாரைப் பிய்த்துவிடும்; அரைக்கும் கல்தான் வேண்டும். வந்ததும் விட்டத்தைக் குறித்து வைத்து, சோடியில் மற்றதையும் அளந்துவிட்டு மாட்டுங்கள்.