போனில் பழைய டிவி கேம்: கிளிப் கன்ட்ரோலர் வாங்குவதிலிருந்து ஆடுவது வரை

தொண்ணூறுகளில் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்கே ஒரு வீட்டில்தான் டிவி கேம் இருந்தது. மே மாத லீவில் வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள் இரண்டு ரிமோட்டுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கேசட்டின் மேல் "9999999 இன் 1" என்று ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பதென்னவோ பத்துப் பதினைந்து ஆட்டங்கள்தான், பெயரை மாற்றி மாற்றி வரும். நாலாவது ஸ்டேஜுக்குப் போகும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். மறுபடியும் முதலிலிருந்து.

போன கோடையில் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது, "மாமா, நீங்க சின்ன வயசுல ஆடின கேமைக் காட்டுங்க" என்றான். போனில் ஏற்றிக் கொடுத்தேன். திரையில் தெரியும் பட்டன்களைத் தொட்டு ஆடினான். முதல் பள்ளத்திலேயே ஐந்து தடவை விழுந்தான். நான் வாங்கிப் பார்த்தேன், நானும் விழுந்தேன். கண்ணாடியில் பட்டன் எங்கே இருக்கிறது என்று கட்டைவிரலுக்குத் தெரிவதில்லை. பார்த்துப் பார்த்து அழுத்தினால் கண் ஆட்டத்தை விட்டுவிடுகிறது. அந்தக் கால ஆட்டங்கள் எல்லாமே, பட்டனைப் பார்க்காமல் அழுத்தும் விரலை நம்பி உருவாக்கப்பட்டவை. அதனால் போனைவிட, பழைய ஆட்டத்தைப் போனில் ஓட்டும் எமுலேட்டர் ஆப்பைவிட, கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்தான் இதில் முக்கியம். அதில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடப் போகிறேன்.

போன் எது வேண்டும்?

இப்போது கையில் இருப்பதே போதும். நாங்கள் ஆடிய பெட்டி, நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியின் நகல். அதன் பிராசஸர் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், வேலை செய்யும் நினைவகம் 2 கேபி. படம் 256-க்கு 240 புள்ளிகள். உங்கள் பழைய போன்கூட இதைப் பல மடங்கு தாண்டிவிட்டது. எமுலேட்டர் என்பது அந்தப் பெட்டி நடந்துகொள்வதைப் போலவே போனுக்குள் நடந்துகொள்ளும் ஒரு ஆப். கேசட்டுக்குள் சிப்பில் இருந்தது இங்கே ஒரு ஃபைலாக இருக்கும். அதற்கு ரோம் என்று பெயர். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கேபி. காலையில் வாட்ஸ்அப்பில் வரும் வணக்கப் படம் அதைவிடப் பெரியது.

படி 1: கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வகை உண்டு.

சாதாரண புளூடூத் கன்ட்ரோலரின் தலையில் ஒரு கிளிப்பை மாட்டி, அதில் போனை வைப்பது முதல் வகை. வீட்டில் ஏற்கெனவே எக்ஸ்பாக்ஸ் அல்லது பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் இருந்தால் கிளிப்பை மட்டும் வாங்கினால் போதும், செலவு குறைவு. ஆனால் தலை கனக்கும். போனைப் பின்னால் சாய்த்து வைத்தால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். எடை உங்கள் கைக்கு மேலே நேராக வருகிற மாதிரி, போனைக் கொஞ்சம் முன்னால் தள்ளிச் சாய்த்து வையுங்கள்.

போனின் இரண்டு பக்கமும் இழுத்து மாட்டுவது இரண்டாவது வகை. போன் நடுவில், பட்டன்கள் இருபுறமும். பாக்போன், ரேசர் கிஷி, கேம்சர் எக்ஸ்2 எல்லாம் இந்த இனம். எடை சமமாகப் பிரிவதால் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை போகும் இரண்டு மணி நேரமும் கை வலிக்காமல் ஆடலாம். முதல் முறை வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

போனை நிமிர்த்திப் பிடித்து, அதன் கீழ்ப்பாதியில் கவ்வுவது மூன்றாவது. பார்க்க, நின்டெண்டோவின் அந்தக் காலக் கையடக்கப் பெட்டி கேம்பாய் மாதிரியே இருக்கும், ஆசையாகவும் இருக்கும். பழைய ஆட்டங்களின் படம் கிட்டத்தட்டச் சதுரம் என்பதால், நிமிர்த்திய போனின் மேல்பாதிக்கு நன்றாகப் பொருந்தும். ஒரே தொந்தரவு: எமுலேட்டர் படத்தைத் திரையின் நடுவில் வைத்தால், கன்ட்ரோலர் அதை மறைத்துவிடும். படத்தை மேலே நகர்த்தும் வசதி ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டரில் இருக்கிறது, ஆனால் அது கொஞ்சம் பழகிய பிறகு செய்யும் வேலை.

வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். போன் கவர். நான் முதலில் வாங்கிய டைப்-சி கன்ட்ரோலர் கவரோடு மாட்டினால் பாதிதான் உள்ளே போகும். ஆட்டத்தின் நடுவே தொடர்பு அறுந்துவிடும். கவரைக் கழற்றிய அன்றைக்கே சரியாகிவிட்டது. அடுத்தது, கிளிப்பின் பல் போனின் பவர் பட்டன் மேல் உட்காருகிறதா என்பது. உட்கார்ந்தால் திரை அணைந்துகொண்டே இருக்கும்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், இடது பக்கத்துக் கூட்டல் குறி பட்டனை நன்றாக அழுத்திப் பாருங்கள். இனிமேல் இதை டி-பேட் என்கிறேன். வலது பக்கத்தை அழுத்திக்கொண்டே விரலை லேசாக ஆட்டுங்கள். மேல் பக்கமோ கீழ்ப் பக்கமோ தானாகச் சேர்ந்து அழுந்தினால் அந்த கன்ட்ரோலர் வேண்டாம். எல்லாப் பக்கமும் சாயும் குச்சியான அனலாக் ஸ்டிக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த ஆட்டங்களுக்கு உதவாது, டி-பேட்தான் எல்லாம்.

படி 2: போனோடு இணைப்பது

டைப்-சி என்றால் சொருகினால் முடிந்தது. தனி பேட்டரி கிடையாது, தாமதமும் குறைவு. சொருகியும் வேலை செய்யவில்லையா? சில போன்களில், வெளிக் கருவிகளைப் போனில் சொருகிப் பயன்படுத்த விடும் ஓடிஜி என்ற ஸ்விட்சை செட்டிங்ஸில் நாமே போட வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அது தானாக அணைந்தும்விடும். கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போகும் முன் இதைப் பாருங்கள்.

புளூடூத் என்றால் கன்ட்ரோலரை இணைப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் மேலே இருக்கும் சின்ன பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடியுங்கள். பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரில் ஷேர், பிஎஸ் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் விளக்கு வேகமாக மின்னும். 8பிட்டோ எஸ்என்30 ப்ரோ என்ற கன்ட்ரோலரில் ஸ்டார்ட், பி இரண்டையும் சேர்த்து அழுத்தி ஆன் செய்தால் ஆண்ட்ராய்டுக்கான நிலை. அப்புறம் போனின் புளூடூத் பட்டியலில் பெயர் தெரியும், தொட்டால் இணையும். டி-பேடை அழுத்தும்போது போனின் முகப்புத் திரையில் ஐகான்களுக்கு இடையே ஒரு கட்டம் நகர்ந்தால், இணைந்துவிட்டது என்று அர்த்தம்.

படி 3: எமுலேட்டரும் ஆட்டமும்

ஆண்ட்ராய்டில் தொடங்குபவர்களுக்கு லெமுராய்டு. பிளே ஸ்டோரில் இலவசம், விளம்பரம் கிடையாது, பல பழைய பெட்டிகளை இது ஒன்றே கையாளும். ரெட்ரோஆர்க் இதைவிடப் பலம் வாய்ந்தது, ஆனால் முதல் நாளே அதன் மெனுக்களுக்குள் போனால் ஆட ஆசையே போய்விடும். ஐபோனில் டெல்டா, ஆப்பிள் 2024 ஏப்ரலில்தான் ஆப் ஸ்டோருக்குள் எமுலேட்டர்களை அனுமதித்தது. "ஆயிரம் கேம் ஒரே ஆப்பில்" என்று வருகிறவற்றைத் தொடாதீர்கள். விளம்பரம் ஆடுவதற்கே விடாது.

ஆட்டத்துக்கு எங்கே போவது? எமுலேட்டர் வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் பழைய ஆட்டங்களுக்கு இன்னும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். கண்ட தளத்தில் இருந்து அவற்றை இறக்குவது பதிப்புரிமை மீறல். நம் ஊர் கேசட்டுகளே பெரும்பாலும் திருட்டு நகல்தான் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும். அதனால் இப்போதும் அந்தப் பெட்டிகளுக்காகவே புதிதாக ஆட்டம் செய்கிறவர்களைத் தேடிப் போகிறேன், அதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. டோபு டோபு கேர்ள் என்று ஒன்று 2017-இல் வந்தது. பலூன்களோடு பறந்துபோன பூனையைப் பிடிக்க ஒரு பெண் வானத்தில் தாவித் தாவிப் போவாள். கேம்பாய்க்கான ஆட்டம், முழுக்க இலவசம். மைக்ரோ மேஜஸ் 2019-இல் வந்தது, காசு கொடுத்து வாங்க வேண்டும். அதைச் செய்தவர்கள் பழைய மாரியோவின் அதே 40 கேபிக்குள் நாலு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை அடக்கியிருக்கிறார்கள்.

முதல் தடவைக்கு டோபு டோபு கேர்ளின் ரோம் ஃபைலை இறக்குங்கள். ஃபைலின் பெயர் ஜிபி (.gb) என்று முடியும். இப்போது கவனம்: போனின் ஃபைல்ஸ் ஆப்பில் புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி, "ஆட்டம்" என்று பெயர் வைத்து, ஃபைலை அதற்குள் நகர்த்துங்கள். லெமுராய்டு ஃபோல்டரைக் கேட்கும்போது இதைக் காட்டுங்கள். டவுன்லோட் ஃபோல்டரையே நேராகக் காட்டினால் ஆண்ட்ராய்டு 11-உம் அதற்குப் பிந்தையதும் உள்ள போன்கள் ஒத்துக்கொள்ளாது. பலர் இந்த இடத்தில்தான் ஆப்பையே தூக்கிவிடுகிறார்கள். ஃபோல்டரைக் காட்டியதும் ஆப் தேடிப் பட்டியல் போடும். பெயரைத் தொட்டால் ஆட்டம் திறக்கும்.

படி 4: பட்டன்களை அமைப்பது

பழைய ரிமோட்டில் இடது பக்கம் பி, வலது பக்கம் ஏ. பியை அழுத்திக்கொண்டே ஓட வேண்டும், ஏ-வைத் தட்டித் தாவ வேண்டும். ஒரே கட்டைவிரலில் இரண்டும். விரலின் நுனி பியில் படுத்திருக்கும், அடிப்பகுதி ஏ-வில் இறங்கும். அந்தப் பழக்கம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

இன்றைய கன்ட்ரோலரில் நான்கு பட்டன்கள், வைர வடிவில். எமுலேட்டர் பெரும்பாலும் கீழே இருப்பதையும் வலதில் இருப்பதையும்தான் எடுத்துக்கொள்ளும். அந்தச் சாய்வில் கட்டைவிரல் மடங்கிக் கஷ்டப்படும். எனவே செட்டிங்ஸில் கேம்பேட் பகுதிக்குப் போய், இடதில் இருப்பதை பி ஆகவும், கீழே இருப்பதை ஏ ஆகவும் மாற்றுங்கள். நுனி இடது பட்டனிலும் அடிப்பகுதி கீழ்ப் பட்டனிலும் தானாகப் போய் உட்காரும். அக்கா மகனுக்கு இதை மாற்றிக் கொடுத்த பிறகுதான் அவன் ஓடிக்கொண்டே தாவக் கற்றான். அரை நிமிட வேலை, தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

படி 5: தாமதத்தைக் குறைப்பது

அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடைவெளி கூடினால், என்ன பயிற்சி செய்தாலும் பள்ளத்தில்தான் விழுவீர்கள். இந்த ஆட்டங்கள் நொடிக்கு 60 படம் ஓடும். ஒரு படத்துக்கு 17 மில்லி விநாடிகூட இல்லை. முதல் வேலையாக பேட்டரி சேவரை அணையுங்கள். புளூடூத் இயர்போனைக் கழற்றி வையுங்கள், தாவிய சத்தம் தரையில் இறங்கிய பிறகுதான் காதுக்கு வரும். வயர் இயர்போனோ போனின் ஸ்பீக்கரோ போதும். நம் ஊர் மே மாதத்தில் போன் தானாகவே சூடேறித் திணறும். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், சார்ஜ் போட்டபடி ஆடாதீர்கள். இவ்வளவுக்கும் பிறகு இன்னும் கூர்மை வேண்டும் என்று தோன்றினால், அப்போது ரெட்ரோஆர்க்குக்குப் போங்கள். அதில் ரன்-அஹெட் என்ற வசதி, ஆட்டத்தை ஒரு படம் முன்கூட்டியே கணக்கிட்டுத் தாமதத்தைக் குறைக்கும்.

சேமிப்பதும் டிவியில் பார்ப்பதும்

சேவ் ஸ்டேட் என்பது எந்த நொடியிலும் ஆட்டத்தை அப்படியே உறையவைத்து, பிறகு அங்கிருந்தே தொடர்வது. கரண்ட் போய் அழுத தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய வரம்! லெமுராய்டு மூடும்போது தானாகவும் சேமித்துக்கொள்ளும். போன் மாற்றும் முன் இந்தச் சேமிப்புகளையும் "ஆட்டம்" ஃபோல்டரையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

பெரிய திரையில் ஆட ஆசை வந்தால், வைஃபை வழியாக டிவிக்கு அனுப்பாதீர்கள், தாமதம் தாங்காது. போனின் டைப்-சி துளை படத்தை வெளியே அனுப்பும் வகையா என்று பார்த்து, எச்டிஎம்ஐ வயரில் மாட்டுங்கள். விலை குறைந்த பல போன்களில் அந்த வசதி இருக்காது. இருந்தால் இரண்டு புளூடூத் கன்ட்ரோலரை இணைத்து இருவர் ஆடலாம். தீபாவளிக்கு நாங்கள் அப்படித்தான் ஆடினோம், மைக்ரோ மேஜஸ். அக்கா வந்து உட்கார்ந்ததும் முதல் பிளேயர் ரிமோட் தனக்குத்தான் என்றாள். கொடுத்துவிட்டேன்.