ஊருக்குப் போகிற வழியில் தொரப்பள்ளி

பெங்களூரில் விமானம் இறங்கி கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் போகிற நாம் ஓசூரைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். மேம்பாலம், கம்பெனி பஸ், அடுக்குமாடி. 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. பல வருஷம் கழித்து வருகிறவர்களுக்கு அடையாளமே தெரியாது. அந்த ஓசூரை ஒட்டி, தென்பெண்ணைக் கரையில் இருக்கிற கிராமம்தான் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்த ஊர். அவருடைய அப்பா இங்கே முன்சீப்பாக இருந்தார். பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது.

மேப்பில் வெறும் தொரப்பள்ளி என்று போடாதீர்கள். கூடலூர், முதுமலைப் பக்கமும் ஒரு தொரப்பள்ளி உண்டு; டிரைவர் வெளியூர்க்காரர் என்றால் கதை கந்தல். 'தொரப்பள்ளி அக்ரகாரம், ஓசூர்' என்று தேடுங்கள். வேலை நாளில், பத்து மணிக்கு மேல் போவது நல்லது.

வீடு சின்னதுதான். கவர்னர் ஜெனரலாக இருந்த ஒரே இந்தியர் பிறந்த இடம் என்று மாளிகையை எதிர்பார்த்தால் கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடுவீர்கள். எனக்கு அதைவிடத் தெருதான் பிடித்தது. இது கண்காட்சி இல்லை, ஆட்கள் குடியிருக்கிற இடம். திண்ணையைப் படம் எடுக்கும் முன் "அம்மா, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தமிழில் கேட்டால் போதும். அவர்களுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசிக்கொண்டால் திகைக்க வேண்டாம், இந்தப் பக்கம் அப்படித்தான்.

கூட வரும் தாத்தாவுக்கு ராஜாஜியைப் பிடிக்காமல் இருக்கலாம். 1938 இந்தி எதிர்ப்பையும் 1953 குலக்கல்வித் திட்டத்தையும் காரிலேயே ஆரம்பித்துவிடுவார். பேச விடுங்கள், பிள்ளைகளுக்கு வீட்டில் தொங்கும் படங்களைவிட அது சுவாரசியம்.

ஆற்றில் மட்டும் பிள்ளைகளை இறக்காதீர்கள். பெங்களூருக் கழிவு கலந்து வருகிற தண்ணீர். மேலே கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் பொங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

பசி எடுத்தால் நெடுஞ்சாலைக்கு வந்து கேழ்வரகுக் களி கேளுங்கள். மே, ஜூன் என்றால் கிருஷ்ணகிரி வரை மாம்பழம் கிடைக்கும். டிக்கியில் இடம் விட்டு வையுங்கள்.

நாங்கள் கிளம்பும்போது திண்ணையில் இருந்த பாட்டி என் மகளிடம், "எந்த ஊரு கண்ணு?" என்றார். அவள் டொராண்டோ என்றாள். பாட்டி விடவில்லை: "அது சரி, சொந்த ஊரு?"